பழைய காரின் பின் எக்ஸலுக்கு டிஸ்க் பிரேக்: செய்யக்கூடாத சில வேலைகள்

போன மாதம் தலவாக்கலைப் பக்கத்துத் தம்பிகள் இருவர் ஒரு மொரிஸ் மைனரைக் கொண்டுவந்தார்கள். பின்னால், சுற்றும் கிண்ணத்தை உள்ளிருந்து ஷூ அமுக்கும் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, சுற்றும் தட்டை இருபக்கமும் பேட் கவ்வும் டிஸ்க் பிரேக் போட்டிருந்தார்கள். பிராக்கெட்டை அளவாக வெட்டியிருந்தார்கள், குழாய்களையும் நேர்த்தியாக வளைத்திருந்தார்கள். “அண்ணே, எறக்கத்துல பின்னால கருகுற வாசம் வருது” என்றார் மூத்தவர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நானும் அதே பிழையைச் செய்தவன்.

போல்ட் இறுக்க மறப்பது, பேடில் கிரீஸ் படுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே தெரியவரும்.

முன்னால் டிரம் இருக்கும்போதே பின்னால் டிஸ்க் போடுவது

வேண்டாம். முன்பக்கத்தை முதலில் முடியுங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் செக் வால்வை விட்டுவைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளுவதுதான் மாஸ்டர் சிலிண்டர்.

என் மைனருக்கு முன் டிஸ்க்கும், பழைய ஜப்பான் கார் ஒன்றின் இரட்டைச் சுற்று (முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி) மாஸ்டர் சிலிண்டரும் ஏற்கெனவே போட்டிருந்தது. அந்த ஜப்பான் காருக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அதனால் பின் குழாய் புறப்படும் வாயில் செக் வால்வு என்ற ஒரு சிறு ரப்பர் வால்வு இருந்தது. கால் எடுத்த பிறகும் குழாய்க்குள் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். டிரம்முக்கு அது தேவை. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர்கள் சுவரோடு ஒட்டியிருக்கும், எயார் உள்ளே போகாது. ஷூவை இழுக்கப் பலமான ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் அதை அசைக்காது.

டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மயிரிழை அளவுக்குப் பின்னால் இழுக்கும், அவ்வளவுதான். 10 பிஎஸ்ஐ நிற்கும் குழாயில் அதுவும் நடக்காது. காலை எடுத்தாலும் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

பின்னாலும் டிஸ்க் போட்டபோது இது எனக்குத் தெரியாது. டவுனுக்குள் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடுத்த நாள் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினேன். லபுக்கலையில் வாசம் வந்தது. புதுப் பேட் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். றம்பொடை வளைவில் பெடல் முக்கால்வாசி கீழே போய்விட்டது. முன் சுற்று தனியாக இருந்ததால்தான் வண்டி நின்றது. இரண்டாம் கியரில் உருட்டி, மேட்டுப் பக்கத்துக் கானோரம் ஒதுக்கினேன். பின் டிஸ்க் இரண்டும் நீலம் பாய்ந்திருந்தன. பின் இருக்கையில் என் அம்மா இருந்தார்.

டொட் 3 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். நம்முடைய மழைக்கும் பனிக்கும் அது ஈரம் இழுக்கத்தான் செய்யும். ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் ஆவியைத்தான் அமுக்கும்.

ஒரு மணிநேரத்தில் எல்லாம் ஆறிப் பெடல் பழையபடி வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஆறினால் எந்தப் பழுதும் கண்ணுக்குத் தெரியாது. பேட்டை அமுக்கும் காலிப்பர் இறுகிவிட்டது என்று ஒரு கராஜில் சொன்னதை நம்பி இரண்டு காலிப்பர் வாங்கினேன். அப்புறம் பேட், அப்புறம் ஒயில். இரண்டு மாதம் போனது, பணமும் போனது. பழுதாகக் கிடந்ததோ விரல் நுனியளவு ரப்பர்.

கண்டுபிடிக்கச் சில நிமிடம் போதும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டுவிட்டு, சில்லைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் எயார் எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஒயில் சிறிது பீறிச் சில்லு விடுபட்டால், குழாயில் அழுத்தம் தங்குகிறது. முதலில் பெடல் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டாலும் இதே கதைதான். இடைவெளி சரியென்றால் வால்வைக் கழற்றுங்கள். மைனரின் பழைய சிலிண்டர் மாதிரி தரைக்கு அடியில் காலிப்பரை விடத் தாழ்வாக இருந்தால், வெறுமனே கழற்றி விடாதீர்கள். ஒயில் திரும்பி வடியாமல் இருக்க 2 பிஎஸ்ஐ வால்வு ஒன்று வேண்டும்.

பின்னால் அதிகம் பிடித்தால் நல்லது என்று நினைப்பது

இறக்கத்தில் பாரம் முன்னுக்குப் போகிறது, பின் சில்லின் பிடி குறைகிறது. பின் சில்லு முதலில் இறுகினால் வண்டியின் வால் சுற்றிவிடும், அதுவும் ஈர ரோட்டில். மைனருக்கு 1962இல் 1098 சிசி என்ஜின் வந்தபோது, முன் டிரம்மைத்தான் 7 அங்குலத்திலிருந்து 8 ஆக்கினார்கள், பின் டிரம் 7 ஆகவே இருந்தது. பின் குழாயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு போட்டு, மழை விட்ட நேரம் ஆளில்லாத சமதரையில் பாருங்கள். முன் சில்லுதான் முதலில் இறுகவேண்டும்.

காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டுவது

நிப்பிள் மேலே இருக்கவேண்டும். கீழே இருந்தால் எயார் வெளியேறாது.

ஹேண்ட் பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்பது

முன் சில்லுக்குரிய காலிப்பரைப் பின்னால் போட்டுவிட்டு, சில்லுக்குக் கல் வைக்கிறார்கள். லயத்துக்கு மேலே சரிவில் நிறுத்தும் வண்டிக்குக் கல் போதாது. ஹேண்ட் பிரேக் லீவர் உள்ள காலிப்பர்தான் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றின் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்பவேண்டும், அமுக்கினால் உள்ளே இருக்கும் திருகு பாழாகிவிடும்.

தம்பிகளின் வண்டியில் வால்வைக் கழற்றி, எயார் எடுத்து, மிதித்து விட்டோம். இளையவர் ஒரு விரலால் தட்டினார், சில்லு சுற்றியது.