தொட்டிச் செடிகளுடன் மீன் வளர்ப்பு: தொடங்குவோருக்கான செய்முறை

மீன் தொட்டியின் நீரைச் செடிகளுக்குப் பாய்ச்சி, வேர்கள் தூய்மைப்படுத்திய அதே நீரை மோட்டார் மூலம் மீன்களுக்கே திருப்பி அனுப்பும் முறையை அக்வாபோனிக்ஸ் என்கிறார்கள். புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. செடிக்குத் தெளித்த வேப்பெண்ணெய்க் கரைசல் சுழற்சியில் கலந்தால், அதுவே மீன்களுக்கு நஞ்சாகிவிடும். இங்கே விளக்கப்படுவது ஒருவழி முறை: தொட்டி நீர் செடிக்குப் போகும், திரும்பி வராது. செடிகள் அனைத்தும் பட்டுப்போனாலும் மீன்கள் நலமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே இதன் ஒவ்வொரு படியும் அமைந்துள்ளது.

முதலில் இடம். 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் நீரின் எடை மட்டும் 200 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிகள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே தரையில் வைப்பதே நல்லது. மாடிதான் என்றால், கட்டடப் பொறியாளரிடம் கேட்டுக்கொண்டு, அடியில் சுவரோ உத்தரமோ செல்லும் இடத்தில், நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்.

அடுத்தது நீர். குழாய் நீரில் குளோரின் இருந்தால், வாயகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் திறந்து வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவு என்பதால், காற்றுக் குழாயை ஒரு நாள் ஓட விடுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது இதற்கடுத்த படியில்தான். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது செடிக்கு உணவு. இந்த பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவை ஒட்டி வளர ஒரு வாளியில் ஜல்லியை நிரப்பி, சிறிய மோட்டாரால் தொட்டி நீரை அதன் வழியே ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை மட்டும் நீரில் போட்டு வாருங்கள்; அது அழுகி, பாக்டீரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவைத் தரும். சோதனைக் கரைசலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டி, நைட்ரேட் தென்பட்ட பிறகே மீன் வாங்க வேண்டும். முதல் நாளே மீனை விட்டு, அது தாங்குகிறதா என்று பார்ப்பது உயிரைச் சோதனைக் கருவியாக்குவதாகும். நீரின் காரத்தன்மையும் இங்கே முக்கியம்: 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். (அமில-கார அளவு) 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நஞ்சான பகுதி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு; பி.எச். 8 ஆனால் அது ஏறக்குறைய 5 விழுக்காடு. கோடை வெப்பம் அதை மேலும் உயர்த்தும்.

எந்த மீன்? உண்பதற்காக என்று ஜிலேபிக் கெண்டையைத் தேடாதீர்கள். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் நம் குளங்களில் நாட்டு மீன்களை நெருக்குகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடையே உள்ளது. வெப்பத்தைத் தாங்கும், கொசுப்புழு தின்னும் கப்பி மீன்களில் பத்துப் பன்னிரண்டு போதும். ஆண்களை மட்டும் வாங்குங்கள். வாலின் வண்ணத்தால் எளிதில் அறியலாம். பெண் கப்பி ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சு ஈனும் என்பதால், ஒன்று கலந்தாலும் தொட்டி விரைவில் நெரிசலாகிவிடும்.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீவனம் போடுங்கள். உரத்தின் மூலப்பொருள் மீனன்று, தீவனமே. அத்தீவனத்தின் மீன்தூளோ பெரும்பாலும் கடலில் பிடித்த சிறுமீன்களிலிருந்து வருவது. ஆகவே உரத்துக்காகக் கூடுதல் தீவனம் போடுவதில் சிக்கனமும் இல்லை, நியாயமும் இல்லை.

வாரம் ஒருமுறை தொட்டியின் அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு நீரை எடுத்துச் செடிகளுக்கு ஊற்றி, குளோரின் நீங்கிய நீரால் ஈடுசெய்யுங்கள். சிறுகீரைக்கும் புதினாவுக்கும் இந்நீர் நன்கு ஒத்துவரும். தக்காளிக்கும் கத்தரிக்கும் இதிலுள்ள சாம்பல்சத்து போதாது. மண்ணில் மக்கிய எருவும் சிறிது மரச்சாம்பலும் கலக்க வேண்டும். நீர் திரும்பாத முறை என்பதால் அதைத் தயங்காமல் செய்யலாம்.

மின்வெட்டுக்காகப் பேட்டரியில் ஓடும் காற்றுக் கருவி ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். வளர்ப்பைக் கைவிட நேர்ந்தால், மீன்களை ஏரியிலோ வாய்க்காலிலோ விடாமல், தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். கப்பி தென் அமெரிக்க மீன், நம் நீர்நிலைக்கு உரியதன்று.