பள்ளிக் கல்விக்கு நிதி வெட்டா, பள்ளி இணைப்பா? ஆசிரியர் சங்க வட்டாரக் கிளை பதில் மனு தயாரிக்கும் முறை

தமிழ்நாடு பட்ஜெட் வந்த அன்று மாலையே ஆசிரியர் சங்கம் கண்டன அறிக்கை விடுவது சுலபம். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று ஒரு பக்கம், நாளிதழில் நான்கு வரி, அத்தோடு சரி. நிதித்துறையில் கோப்பு பார்ப்பவருக்கு அந்தப் பக்கத்தால் பயனில்லை. எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளை, எத்தனை பணியிடம், எவ்வளவு ரூபாய் என்றுதான் அவர் கேட்பார். ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் அத்தனை பள்ளிக்கும் இந்த நான்கையும் கையோடு எழுதித் தரக்கூடியவர்கள் அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்கள்தான். நம் காவிரி டெல்டா மாவட்டங்களில் ஐந்தாவதாக ஒன்றும் சேர்கிறது: பள்ளிக்குப் போகும் வழியில் எத்தனை வாய்க்கால்.

முதலில் வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு துறைக்கும் சட்டமன்றத்தில் பணம் கேட்டு வைக்கும் ஆவணம் மானியக் கோரிக்கை; பள்ளிக் கல்விக்கு அதன் எண் 43. அதையும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் அரசு இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். தணிக்கை முடிந்த கணக்கு, நடப்பு ஆண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என நான்கு எண்கள் இருக்கும். இரண்டு மதிப்பீடுகளை மட்டும் ஒப்பிட்டு 'கூடியிருக்கிறது', 'குறைந்திருக்கிறது' என்று பேசுவதுதான் வழக்கமான பிழை. திருத்த மதிப்பீட்டைப் பார்த்தால்தான் அறிவித்த பணத்தில் எவ்வளவு பாதியிலேயே திரும்பப் போனது என்று தெரியும்.

கூடுதல் என்று சொல்லப்படுவதையும் பிரித்துப் பாருங்கள். துறைக்கு ஒதுக்கியது 2024-25இல் 44,042 கோடி, 2025-26இல் 46,767 கோடி. வித்தியாசம் 2,725 கோடி, ஏறக்குறைய 6.2 சதவீதம். ஆண்டு ஊதிய உயர்வு மட்டும் 3 சதவீதம். அதன் மேல் அகவிலைப்படி. இத்துறையில் பெரும்பகுதி செலவு ஊதியம் என்பதால், புதுப் பணியிடத்துக்கும் கரும்பலகைக்கும் கழிப்பறைக்கும் மிஞ்சுவது சொற்பம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாலே மனுவுக்கு மதிப்பு வந்துவிடும். வருவாய்ச் செலவு 2202 என்ற தலைப்பிலும், கட்டடம் போன்ற மூலதனச் செலவு 4202இலும் இருக்கும். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடங்களுக்கு ஊரக வளர்ச்சித் துறை வழியாகவும் பணம் வருவதால் கோரிக்கை எண் 42ஐயும் புரட்டாமல் 'கட்டடத்துக்கு ஒன்றுமில்லை' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு தப்பு எண் போதும், மீதி மனுவையும் ஓரம் கட்டிவிடுவார்கள்.

ஒன்றிய (மத்திய) அரசின் பங்கைத் தனித் தாளில் எழுதுங்கள். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் அவர்கள் 60, மாநிலம் 40 என்று பங்கு. 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி, பி.எம். ஸ்ரீ என்ற அவர்களது மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போடப்பட்டு நின்றுபோனது. இதை மாநில அரசுக்கான கோரிக்கையோடு கலந்தால் 'எங்கள் கையில் இல்லை' என்ற ஒற்றை வரிப் பதிலில் மற்றக் கோரிக்கைகளும் அடிபட்டுப்போகும்.

அடுத்தது பள்ளிவாரிப் பட்டியல். சீர்திருத்தம் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் குறைந்த பிள்ளைகள் உள்ள பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பதும், ஆசிரியரை உபரி என்று சொல்லி வேறு பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலும்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு பள்ளியில் 28 பிள்ளைகள், பக்கத்துப் பள்ளியில் 60. தனித்தனியே இருந்தால் 2 + 2, நான்கு ஆசிரியர். சேர்த்தால் 88 பிள்ளைகளுக்கு மூவர். ஒரு பணியிடம் போயிற்று. பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000. தனித்தனியே 35,000 வந்த இடத்தில் இனி 25,000. இதே கணக்கை உங்கள் ஒன்றியத்தின் ஒவ்வொரு இணைப்புக்கும் போடுங்கள். 'வளங்களை ஒருங்கிணைக்கிறோம்' என்ற சொல்லுக்குள் இருப்பது எது என்று பெற்றோருக்கும் புரியும்.

எண்ணிக்கையில் ஏமாறும் இடம் எமிஸ், அதாவது மாணவர் விவரங்களைத் துறை பதிந்து வைக்கும் இணையதளம். பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. ஜூனில் சேர்ந்து தினமும் பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் பெயர் பழைய பள்ளியிலோ, எந்தப் பள்ளியிலும் சேராத பெயர்கள் இருக்கும் பொதுத் தொகுப்பிலோ கிடந்தால், அது உங்கள் கணக்கில் இல்லை. 61 என்பது 60 ஆனால் ஒரு ஆசிரியர் உபரி. ஜூலை மூன்றாம் வாரத்துக்குள் ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்த்துவிட வேண்டும். ஆகஸ்டில் பேசிப் பயனில்லை.

தூரத்தை அளப்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டர், நடுநிலை வகுப்புகள் 3 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளம், சாலையின்மை, சிறு பிள்ளைகளுக்கு வழியில் ஆபத்து இருந்தால் இந்த எல்லையை இன்னும் குறைக்க வேண்டும் என்றும் கல்வி உரிமை விதிகள் சொல்கின்றன. நம் பகுதிக்கென்றே எழுதியதுபோன்ற விதி இது. ஆனால் மே மாதத்தில் ஆய்வுக்கு வருபவர் காய்ந்த வாய்க்காலைக் குறுக்கே நடந்து கடந்துவிடுவார். வரைபடத்தில் கோடு போட்டால் 800 மீட்டர். வழக்கம்போல் ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்த பிறகு அதே பிள்ளை மதகு வரை சுற்றிப் போக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வரப்பே தெரியாது.

அதனால் அளவை இப்படி எடுங்கள். குடியிருப்பின் கடைசி வீட்டு வாசலிலிருந்து, பள்ளி நேரத்தில், ஒரு பிள்ளையோடும் அதன் தாயோடும் நடங்கள். கைபேசியில் நடைப் பதிவைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கடப்பிலும் நின்று எழுதுங்கள்: வாய்க்காலின் பெயர், அகலம், மேலே இருப்பது கான்கிரீட் பாலமா, மதகுச் சுவரா, தென்னந்தடியா, கைப்பிடி உண்டா, மழைக்காலத்தில் தண்ணீர் எது வரை ஏறும். பேருந்துச் சாலையைக் கடப்பதையும் குறியுங்கள். தென்னந்தடிப் பாலத்தை ஐந்து வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் படம் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் அதன் பயம் படத்தில் வராது. முடிந்தால் நவம்பரில் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை.

நடை கூடினால் காலை உணவும் தவறும். 2023 ஆகஸ்ட் 25இல் இத்திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது நாகை மாவட்டத் திருக்குவளையிலிருந்துதான். வகுப்புக்கு முன் தட்டு கழுவி முடிந்துவிடும் உணவுக்கு, கூடுதலாக அரை மணி நடக்கும் பிள்ளை எப்படி வந்து சேரும் என்று மனுவில் கேளுங்கள். பிள்ளைகள் போய்ச் சேரும் பள்ளியின் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, அறைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குக் கொடுத்த மண் இது. நெரிசலான அறையைப் பற்றி இங்கே யாரும் லேசாகப் பேசக்கூடாது.

தர மறுக்கும் விவரங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1)இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள், அதற்குப்பின் மேல்முறையீடு. 'ஏன் இணைக்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 'இணைப்புக் கருத்துருவின் நகல், தூர அளவீட்டு அறிக்கையின் நகல்' என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மனு இரண்டு பக்கம், இணைப்பாகப் பள்ளிவாரி அட்டவணை. முதல் பத்தியிலேயே கோரிக்கை வந்துவிட வேண்டும். ஊதியக் கோரிக்கைகளை இதில் சேர்க்காதீர்கள். அவை நியாயமானவைதான், ஆனால் பெற்றோர் கையெழுத்துப் போடும் தாளில் அவற்றுக்கு இடமில்லை. வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், ஆட்சியர், சட்டமன்ற உறுப்பினர் நால்வருக்கும் ஒரே நாளில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மானியக் கோரிக்கை விவாதத்துக்குப் பத்து நாள் முன்பாவது உறுப்பினர் கையில் அட்டவணை இருந்தால்தான் வெட்டுத் தீர்மானமோ (ஒதுக்கீட்டை எதிர்த்து அவையில் கொண்டுவருவது) கேள்வியோ அதிலிருந்து எழும்.

மார்ச் 22 கிராம சபை நல்ல வாய்ப்பு. சம்பா அறுவடை முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். தீர்மானத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் கொண்டுவரட்டும், ஆசிரியர் பேச வேண்டாம். கைதட்டலோடு கலைந்துவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசிக்கச் சொல்லிக் கையெழுத்தான பக்கத்தின் நகலை வாங்கிய பிறகே கிளம்புங்கள்.

போராட்டம் என்றால் படிப்படியாக: கோரிக்கை அட்டை அணிவது, மாலை நேர ஆர்ப்பாட்டம், விடுமுறை நாள் தர்ணா. காவல் நிலையத்துக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் நம் மாநில வழக்கிலேயே தீர்ப்பளித்தது. அரசு ஊழியர் நடத்தை விதி 22ம், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குற்றச்சாட்டும், ஊதியப் பிடித்தமும் இருக்கின்றன. இதை உறுப்பினர்களிடம் முன்னதாகவே ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மார்ச் என்றால் பொதுத்தேர்வு வேறு. அப்போது வகுப்பை விட்டால் இத்தனை நாள் சேர்த்த பெற்றோர் அன்றே கைவிட்டுப் போவார்கள்.

முத்திரை வாங்கிய நகல், நடைப் பதிவு, படங்கள், கிராம சபைத் தீர்மானம் எல்லாவற்றையும் பள்ளிக்கு ஒரு கோப்பாகப் போட்டு வையுங்கள். செயலாளர் மாறினாலும் கோப்பு கிளையில் இருக்க வேண்டும். இந்த ஆண்டு நிறுத்திவைத்த இணைப்புக் கருத்துரு அடுத்த மே மாதம், வாய்க்கால் காய்ந்ததும், மறுபடி வரும்.