கப்பி மீன் வளர்ப்பு: குட்டிகளைப் பிழைக்க வைப்பதும் அவற்றின் நிறத்தை அறிவதும்

முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடும் அலங்கார மீன்களில், புதிதாக வளர்க்கத் தொடங்குவோருக்கு மிகவும் ஏற்றது கப்பி. குட்டிகளைப் பெறுவதில் சிரமமே இல்லை. நாம் விரும்பும் நிறத்தில் பெறுவதற்குத்தான் திட்டமிட வேண்டும்.

அந்தத் திட்டம் பெண் மீனைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. ஒருமுறை இணை சேர்ந்த பெண் கப்பி, விந்தணுக்களைத் தன் உடலில் பல மாதங்கள் சேமித்து வைத்து, ஆண் மீனே இல்லாத தொட்டியிலும் அடுத்தடுத்துக் குட்டி போடும். ஆகவே, ஆண்களுடன் கலந்திருந்த பெண்ணை வாங்கி வந்து அழகான ஆணோடு சேர்த்தாலும், பிறப்பவை முந்தைய ஆணின் குட்டிகளாக இருக்கலாம். இளம் வயதிலேயே பிரித்து வளர்க்கப்பட்ட, இணை சேராத பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

சுமார் 40 லிட்டர் தொட்டி, 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வெப்பம், சற்றே கடினமான நீர், மெதுவாக இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடர்த்தியான ஜாவா மோஸ் என்னும் பாசிச்செடி ஆகியவை போதும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்களை விட்டால், ஒரே பெண் ஓயாமல் துரத்தப்படுவது குறையும்.

சினைக்காலம் ஏறக்குறைய நான்கு வாரங்கள். குதத் துடுப்புக்கு அருகில், வயிற்றின் பின்பகுதியில் தெரியும் கரும்புள்ளியான சினைப்புள்ளி நாளுக்கு நாள் கருத்துப் பெரிதாகும். குட்டி போடும் நாள் நெருங்கும்போது வயிறு சதுரமாகத் தோன்றும். வெளிர்நிற மீன்களில், மெல்லிய தோலின் வழியே குட்டிகளின் கண்கள் சிறு கரும்புள்ளிகளாகத் தெரிவதையும் காணலாம். சுருண்ட நிலையில் வெளிவரும் குட்டி, உடல் நிமிர்ந்ததும் செடிகளை நோக்கி நீந்தும். தாயே குட்டிகளைத் தின்றுவிடும் என்பதால், செடி நிறைந்த தனித் தொட்டியில் தாயை முன்கூட்டியே விட்டு, குட்டி போட்டு முடித்தபின் வெளியே எடுத்துவிடுங்கள். சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் தாயைப் பல நாட்கள் அடைத்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நெருக்கடி அதனை நலிவடையச் செய்கிறது.

முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்ட்டீமியாவே (நுண்ணிய உப்புநீர் இறால்) குட்டிகளுக்குச் சிறந்த உணவு. அதையும் நன்கு பொடித்த மீன் உணவையும், நாளுக்கு மூன்று நான்கு முறை, சிறிது சிறிதாகக் கொடுங்கள். மிஞ்சிய உணவை அன்றன்றே அகற்றிவிடுங்கள்.

இனி நிறத்தைப் பார்ப்போம். பிறந்த குட்டிகள் பெரும்பாலும் சாம்பல் நிறமாகவே இருக்கும். அதைக் கண்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். மூன்று நான்கு வாரங்களில் ஆண் குட்டியின் குதத் துடுப்பு குறுகி, குச்சி போல் நீளத் தொடங்கும். அந்த மாற்றத்தைக் கண்டவுடன் ஆண், பெண் குட்டிகளைத் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றிவிடுங்கள். முதலில் வாலின் அடியில் மங்கலாகத் தோன்றும் நிறம், அடுத்த சில மாதங்களில் படிப்படியாக அடர்த்தியாகும்.

கப்பியின் சில நிறக்கோலங்கள் ஒய் குரோமோசோம் வழியாகத் தந்தையிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே செல்கின்றன. இதனை 1920-இல் டென்மார்க் உயிரியலாளர் யோகான்னஸ் ஷ்மிட் கப்பி மீன்களிலேயே கண்டறிந்தார். எக்ஸ் குரோமோசோமில் அமைந்த நிறங்களும் உண்டு. அவற்றைச் சுமக்கும் பெண் வெளித்தோற்றத்தில் மங்கலாகவே இருக்கலாம் என்பதால், அவளுடைய சகோதரர்களைப் பார்த்துத்தான் அவற்றை ஊகிக்க முடியும். பொன்னிற உடல் போன்ற ஒடுங்கு பண்புகளின், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்புகளின், கணக்கு வேறு. தூய பொன்னிற மீனைத் தூய சாம்பல் மீனோடு சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் சாம்பலாகவே பிறக்கும்; அந்தக் குட்டிகளைத் தமக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பொன்னிறமாக இருக்கும். முதல் தலைமுறையைப் பார்த்தவுடனே முயற்சியைக் கைவிடுவோர், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை இழந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் பெற்றோரின் விவரத்தையும் பிறந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.

ஆரஞ்சு நிறத்தின் பொலிவில் உணவுக்கும் பங்குண்டு. கரோட்டினாய்டு என்னும் நிறமி நிறைந்த ஆர்ட்டீமியாவும் ஸ்பைருலினா என்னும் நுண்பாசியும் அதற்கு உதவும். அடுத்த இணைக்கான ஆணை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காமல், வால் முழுமையாக விரிந்து நிறம் நிலைபெறும் நான்கு ஐந்து மாத வயது வரை பொறுத்திருங்கள்.