முந்தைய வீட்டுக்காரர் விட்டுச்சென்ற புதர்: பெயர் தெரியும் முன் செய்யக்கூடாதவை

பழைய வீடு வாங்கியவர்கள் என்னை அழைப்பது பெரும்பாலும் ஒரே கேள்விக்காகத்தான். சுற்றுச்சுவர் ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு புதர் நிற்கிறது. விற்றவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இது என்ன செடி, வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா? திருச்சியில் தில்லை நகர், புத்தூர் பக்கமெல்லாம் பழைய தனிவீடுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அண்மையில் அப்படிச் சில வீடுகளுக்கு அடுத்தடுத்துப் போய்வந்தேன். எல்லா இடத்திலும் அதே தவறுகள். செடி வளர்க்கத் தொடங்கும் எவரும் இடறும் இடங்கள்தான் இவை. ஆனால் இடறுகிறவர் நாம், சாவது செடி. அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றுவது, பெயர் தெரியாத செடிக்கு உரம் கொட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று செடியே சில வாரங்களில் காட்டிவிடும்.

பூ வந்தால்தான் பெயர் சொல்ல முடியும் என்று நினைப்பது

பூ கடைசி உறுதியைத் தரும். அதற்கு முன்பே பாதி வேலையை இலையும் கணுவும் முடித்துவிடும். ஒரு கிளையை வளைத்து, இலை தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். கணுவுக்கு ஓர் இலையாக மாறிமாறி வருகிறதா, இரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கின்றனவா, மூன்று சேர்ந்து வட்டமாக நிற்கின்றனவா? செம்பருத்தி முதல் வகை. நந்தியாவட்டை, இட்லிப்பூ, மருதாணி, மாதுளை எல்லாம் எதிரெதிர். செவ்வரளியிலும் வெள்ளரளியிலும் நீண்டு தடித்த இலைகள் பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக நிற்கும். அரளி என்றே பலர் அழைக்கும் மஞ்சள் அரளியோ வேறு இனம். அதன் ஒடுங்கிய இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றிச் சுழன்று ஏறும்.

இவ்வளவு எளிய கவனிப்பு பெரிய குழப்பங்களைத் தீர்த்துவைக்கும். அடுக்கு நந்தியாவட்டையையும் கார்டீனியாவையும் பாருங்கள். இரண்டிலும் வெள்ளை அடுக்குப் பூ, பளபளக்கும் கரும்பச்சை இலை, எதிரெதிர் அமைப்பு. ஆனால் இலைக்காம்பைக் கிள்ளினால் நந்தியாவட்டையில் பால் வரும், கார்டீனியாவில் வராது. கார்டீனியாவில் எதிரெதிர் காம்புகளுக்கு நடுவே, தண்டை ஒட்டிச் சிறு இலையடிச் செதில் இருக்கும். இட்லிப்பூவிலும் அதே செதில் உண்டு, ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். மஞ்சள் குழல் பூ பூப்பவற்றிலும் இப்படித்தான். அல்லமாண்டாவின் இலைகள் அகலமானவை, கணுவுக்கு மூன்று நான்காக நிற்பவை, காய் முள் போர்த்தியது. மஞ்சள் அரளியின் காயோ பச்சையாக, வழவழப்பாக, நாலு மூலையுடன் இருக்கும்.

பூக்காத மருதாணியும் பூக்காத மாதுளையும்தான் உண்மையிலேயே சிரமம். இரண்டிலும் சிற்றிலைகள், இரண்டிலும் கிளை நுனி முள்ளாக முடியும்; தாவரவியலும் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது. மாதுளையின் இளந்தளிர் செம்பு நிறத்தில் வரும். தளிர்க்கும் காலம் வரை பொறுத்தால் போதும்.

அடையாளம் தெரியும் முன் வெட்டுவது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

வீடு வாங்கியதும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கிறார்கள். பலருக்கு அது சித்திரையிலோ வைகாசியிலோ அமையும். அதற்குமுன் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆள் வருகிறார். வரும் விருந்தினர் கண்ணுக்குத் தோட்டம் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று சொல்லப்படுகிறது. அவர் அரிவாளை எடுத்து, வாழையையும் தென்னையையும் தவிர மற்றதையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டுக் கூலி வாங்கிப் போகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்தார்.

குறை காலத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் புதர்கள் பல, கோடையில்தான் தம் மோசமான தோற்றத்தில் நிற்கும். பவழமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட மாதங்களில் இலைகளை உதிர்த்துவிடும். எஞ்சிய இலைகள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக, மங்கிப்போய்த் தொங்கும். அந்த நேரத்தில் பார்க்கிறவருக்கு அது பட்டுப்போன குச்சிக் கூட்டம். ஆவணியில் தொடங்கிக் கார்த்திகை வரை அதே செடி இரவெல்லாம் மணந்து, விடியுமுன் தரை முழுக்க வெள்ளை இதழும் காவிக் காம்புமாகக் கொட்டும் என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை.

ஒரு வீட்டில் இது என் கண்முன் நடந்தது. வடமேற்கு மூலையில் நின்ற செடியைக் காட்டி என்னவென்று கேட்டார்கள். இளந்தண்டைத் தடவிப் பார்த்தேன். நான்கு விளிம்பு கையில் தட்டியது. எதிரெதிரே சொரசொரப்பான இலைகள். கிளைகளில் பழைய காய்கள் சில, தட்டையாக, நாணயம் போல வட்டமாக, காய்ந்து பழுப்பேறித் தொங்கின. பவழமல்லிதான், தொடாதீர்கள், ஆவணி வரை விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். விழாவுக்கு முன் வெட்டிவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். பவழமல்லி வெட்டினால் துளிர்க்கக்கூடியது. துளிர்த்தது. நீளமான குருத்துகள் தாறுமாறாக வளர்ந்ததும் பார்வைக்கு நன்றாக இல்லை என்று ஆடியில் மறுபடி வெட்டினார்கள். அடுத்த ஆண்டும் அதே ஆடியில் வெட்டு. பிறகு என்னை அழைத்து, “நீங்கள் சொன்ன பூ பூக்கவே இல்லையே சார், பூக்காத ரகம் போலிருக்கிறது, எடுத்துவிடலாமா?” என்று கேட்டார்கள்.

செடியின் மேல் எந்தக் குறையும் இல்லை. பவழமல்லி அந்தந்த ஆண்டு வளரும் புதுக் கிளைகளின் நுனியிலும், இலை தண்டில் சேரும் இடுக்கிலும்தான் பூக்கும். ஆடியில் வெட்டினால், பூக்கப்போகும் நுனிகள்தான் முதலில் குப்பைக்குப் போகும். ஆண்டுதோறும் மொட்டை வெட்டியெறிந்துவிட்டுப் பூ எங்கே என்று கேட்கிறோம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூத்து ஓய்ந்தபின், தை மாதவாக்கில் வெட்டுங்கள். இந்த ஒரு செய்தி தெரியாமல் திருச்சிக்குள் எத்தனை பவழமல்லிகள் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மனோரஞ்சிதத்துக்கு இதைவிட மோசமான கதி நேர்கிறது. சுவரிலோ பக்கத்து மரத்திலோ சாய்ந்து ஏறும் புதர் அது. பூ பச்சையாகவே பிறக்கும். இலையோடு இலையாக மறைந்திருந்து, முற்றி மஞ்சளாகும்போதுதான் மணம் வீசும். மணம் வரும் திசை தெரியாமல் வீட்டைச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அதைப் “பூக்காத கொடி” என்று முடிவுகட்டுவது எளிது. பூ இல்லாத நாளிலும் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு: பூக்காம்பு கொக்கியாக வளைந்து, கெட்டிப்பட்டு, கிளையிலேயே நிற்கும். அந்தக் கொக்கியால் பற்றித்தான் அது மேலே ஏறுகிறது. அடியோடு வெட்டினால் முதலில் தொலைவது இந்தக் கொக்கிகள்தான். பிறகு யார் வந்து பார்த்தாலும் பளபளக்கும் இலைகளைத் தவிர ஒன்றும் தெரியாது.

வெட்டு செய்யும் இன்னொரு கேடு, செடி பொய் சொல்லத் தொடங்குவது. அடிமரத்திலிருந்து வேகமாகக் கிளம்பும் குருத்துகளில் இலை வழக்கத்தைவிடப் பெரிதாகவும் மெத்தென்றும் இருக்கும். எலுமிச்சையிலும் காகிதப்பூவிலும் அப்படிப்பட்ட குருத்துகளில் முள் நீண்டிருக்கும். அதைப் படம் பிடித்துப் பெயர் தேடினால் தவறான பெயர்தான் கிடைக்கும்.

ஒட்டு ரோஜாவில் இழப்பு திரும்பவே திரும்பாது. மண்ணுக்குச் சற்று மேலே தண்டு முடிச்சு போலப் புடைத்திருந்தால் அது ஒட்டுக்கட்டிய இடம். அதற்குக் கீழே வெட்டினால் துளிர்ப்பது வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் வேறு ரோஜா. முந்தைய வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி வைத்த ரகம் அன்றோடு போயிற்று. குச்சி நட்டு வளர்த்த பன்னீர் ரோஜாவுக்கு இந்த ஆபத்து இல்லை, எங்கே வெட்டினாலும் அதுவாகவே வரும். ஆனால் உங்கள் முன் நிற்பது எது என்று தெரிவதற்கு முன்பே அரிவாள் வந்துவிடுகிறதே.

நடைபாதையை மறைக்கும் கிளையை மட்டும் எடுங்கள். மின்கம்பியைத் தொடுவதை எடுங்கள். மீதியை ஒரு சித்திரையிலிருந்து மறு சித்திரை வரை விட்டுவிடுங்கள். விழாவுக்கு வருகிற யாரும் புதரைப் பார்த்து உங்களைக் குறைவாக எண்ணப் போவதில்லை.

சுவைத்துப் பார்ப்பது

கூடாது. ஆடாதோடை என்று நம்பிக் கஷாயம் வைப்பதும் இதில் அடங்கும்.

பால் வடிந்தால் விஷம், வடியாவிட்டால் நல்லது

இந்தக் கணக்கு பலர் மனத்தில் உறுதியாக இருக்கிறது. கணக்கு தவறு. ஊமத்தையில் பால் இல்லை; இலையிலிருந்து விதை வரை நஞ்சு. ஆமணக்கில் பால் இல்லை. விதை கொடிய நஞ்சு. வேலிக்கு வைக்கும் துராந்தாவின் மஞ்சள் பழமணிகளைக் குழந்தைகள் விளையாட்டாக வாயில் போடுவார்கள், அவையும் ஆகாதவை. காட்டாமணக்கின் கொட்டையைக் கடலை போலத் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் குழந்தைகள் நம் மாநிலத்தில் புதிதல்ல.

பால் உள்ளவற்றில் மஞ்சள் அரளியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதன் எல்லாப் பாகத்திலும் உண்டு. செவ்வரளியும் அப்படியே. வெட்டிய கிளைகளை ஆட்டுக்குப் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். யாராவது விழுங்கியது தெரிந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல், ஒரு கிளையை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; என்ன செடி என்று மருத்துவர் கேட்பார். எருக்கம்பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெயர் உறுதியாகும் வரை எந்தப் புதரையும் நஞ்சுள்ளதாகவே நடத்துங்கள். அதனால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை.

செயலி சொன்ன முதல் பெயரை நம்புவது

கைப்பேசிச் செயலிகளை நான் வெறுக்கவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். அவை தருவது வாய்ப்புகளின் பட்டியல். அதில் முதலில் நிற்கும் பெயரை எடுத்துப் பலகை எழுதி நடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் கேட்பதில்லை. பெரும்பாலும் படமே குறையுள்ளதாக இருக்கும்: ஒரு பூ, மிக நெருக்கத்தில், பின்னணி மங்கலாக. அழகான படம்தான், அடையாளத்துக்கு உதவாது. இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், கணு, பட்டை, காய், தள்ளி நின்று எடுத்த முழுச்செடி, அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோல். இவ்வளவும் வேண்டும். செயலி சொன்ன பெயருக்கு எதிராக உங்கள் செடியில் ஏதேனும் சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். எதிரெதிர் இலையுள்ள செடிக்குச் செம்பருத்தி என்று பதில் வந்தால் அந்தப் பதிலை அங்கேயே தள்ளிவிடலாம்.

ஒரு புதர் என்றால் ஒரே செடி என்று எண்ணுவது

கவனிப்பாரற்றுக் கிடந்த தோட்டத்தில் ஒரு புதர் ஒரே செடியாக இருப்பது அரிது. பறவை எச்சத்திலிருந்து முளைத்த வேம்பு இட்லிப்பூவின் நடுவிலிருந்து எழுந்து நிற்கும். உண்ணிச்செடி உள்ளே புகுந்து தன் பூவை வெளியே நீட்டும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது புல்லுருவி. ஒருவர் மாதுளையில் ஆரஞ்சு கலந்த சிவப்பில் குழல் குழலாகப் பூ வந்திருக்கிறது, புது ரகமா என்று கேட்டுப் படம் அனுப்பியிருந்தார். இலை தடித்து மாதுளைக்குச் சற்றும் பொருந்தாமல் இருந்தது; கிளையில் ஓரிடம் வீங்கியிருந்தது. பூக்கொத்திக் குருவி கொண்டுவந்து ஒட்டிய புல்லுருவி விதை அங்கே வேரூன்றியிருந்தது. பூவிலிருந்து காம்பு, காம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து அடிமரம் என்று விரலால் தொடர்ந்து வாருங்கள். எந்த இடத்தில் பட்டையின் நிறம் மாறுகிறதோ அங்கே இன்னொரு செடி தொடங்குகிறது. புல்லுருவி என்றால், பற்றிய இடத்துக்குக் கீழே மாதுளைக் கிளையையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். காத்திருக்கச் சொல்லும் என் பேச்சு இதற்குப் பொருந்தாது.

அக்கம்பக்கத்தில் கேட்காதது

எதிர்வீட்டு மூதாட்டிக்குத் தெரியும். போய்க் கேளுங்கள்.

மாதிரியைப் பையில் திணித்துக் கொண்டுவருவது

நெகிழிப் பையில் கசங்கி, வியர்த்து, கறுத்துப்போன நாலு இலைகளை வைத்து யாராலும் எதுவும் சொல்ல இயலாது. ஒரு முழங்கை நீளத்துக்குள் கிளை ஒன்றை வெட்டுங்கள். அதில் கணுக்கள் தெரிய வேண்டும், பூவோ காயோ இருந்தால் அதுவும் வேண்டும். செய்தித்தாள் மடிப்புக்குள் இலைகளை விரித்து, ஓர் இலையை மட்டும் அடிப்பக்கம் தெரியத் திருப்பி வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கூடவே ஒரு துண்டுச்சீட்டில் தேதி, இடம், செடியின் உயரம், பூவின் நிறம், மணம், எந்த நேரத்தில் மலர்கிறது, கிள்ளினால் பால் வருகிறதா என்பதை எழுதிவையுங்கள். காய்ந்தபின் இவற்றில் எதுவும் மாதிரியில் மிஞ்சாது.

அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம். திருச்சியில் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியமும், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் காய்ந்த மாதிரிகளைப் பெரும் அளவில் பாதுகாக்கும் இடங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே தாள் தாளாக அசல் செடிகள் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டத்தில் வளர்ந்த செடி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் காட்டில் எடுத்த மாதிரி என்று அவர்கள் நினைத்துத் தேடினால் வேறு பெட்டியைத் திறப்பார்கள்.