வீட்டில் கட்டும் குட்டி விமானத்துக்கு சீட்: ஸ்பாஞ்சைக் கடைசியில் வாங்குங்கள்

சீட் வேலையை ஸ்பாஞ்ச் வாங்குவதில் ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். விமானம் முக்கால்வாசி முடிந்த பிறகு, கிடைத்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் நான்கு அங்குலத்துக்கு மெத்தென்று எதையாவது ஒட்டி, ரெக்சின் தைத்துவிட்டால் சீட் ஆகிவிட்டது என்று நினைப்பு. உட்கார்ந்த முதல் பத்து நிமிடம் சொகுசாகத்தான் இருக்கும், ஒன்றரை மணி நேரம் கழித்துப் பிட்டம் மரத்துப்போகும், இடுப்பு வலிக்கும். அதைவிட மோசம், கொஞ்சம் பலமாகத் தரையில் மோதினால் அந்த மெத்தையே முதுகெலும்புக்கு எதிரியாகிவிடும். சௌகரியம் சீட்டின் வடிவத்திலிருந்து வருகிறது, பலம் அதன் எலும்புக்கூட்டிலிருந்து வருகிறது, ஸ்பாஞ்சுக்கு இந்த இரண்டிலும் சின்னப் பங்குதான்.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் வகையில், அதாவது சொந்தமாகக் கட்டிய விமானங்களுக்கான வகையில் பதிவாகும், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் சாதாரண விமானம். அந்த வகையில், தொழிற்சாலை விமானத்தின் சீட் தாண்ட வேண்டிய மோதல் சோதனை எதையும் உங்கள் சீட் தாண்டவேண்டும் என்று சட்டம் கேட்காது. கேட்காததால் கணக்கு முழுக்க உங்கள் தலையில்.

அதனால் எண்களைக் கடன் வாங்குவோம். அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ., தொழிற்சாலையில் செய்யும் சிறிய விமானங்களுக்கு வைத்திருக்கும் பகுதி 23 விதிகளை 2017-ல் மாற்றி எழுதிவிட்டார்கள், ஆனால் நமக்குக் கணக்குப் போட வசதியானது அதன் பழைய வடிவம்தான். பறக்கும்போது வரும் சுமைக்கு சீட் 215 பவுண்டு, அதாவது சுமார் 98 கிலோ ஆளைத் தாங்கவேண்டும். 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வகை விமானத்துக்கு 3.8 ஜி, அதாவது சொந்த எடையைப்போல் 3.8 மடங்கு வரை சுமை வரலாம், அதற்குமேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு. ஆக 570 கிலோ கீழ்நோக்கி. விபத்துக் கணக்கில் முன்பக்கம் 9 ஜி, மேல்பக்கம் 3 ஜி, பக்கவாட்டில் 1.5 ஜி. இது 1988-க்கு முன்பிருந்தே இருந்த அசையாச் சுமைக் கணக்கு. 1988-ல் இதோடு உண்மையான மோதல் சோதனையையும் சேர்த்தார்கள்: முன்வரிசை சீட்டுக்கு முன்பக்கமாக 26 ஜி, முதுகுத்தண்டின் வழியாக 19 ஜி, அந்த இரண்டாவது சோதனையில் சீட்டில் உட்காரவைத்த சோதனைப் பொம்மையின் இடுப்புக்கும் கீழ் முதுகெலும்புக்கும் நடுவே விழும் சுமை 1500 பவுண்டைத் தாண்டக்கூடாது. உங்கள் கொட்டகையில் இதைச் சோதிக்க முடியாது. ஆனால் எந்தத் திசையில் மனிதன் பலவீனம் என்பதை இந்த எண்கள் காட்டிக்கொடுக்கின்றன.

முன்பக்கமாக நம் உடம்பு நினைப்பதைவிடப் பலசாலி. 1954 டிசம்பரில் ஜான் பால் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர், நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளத்தில் ராக்கெட் பொருத்திய சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு 46.2 ஜி வரை வாங்கினார், பிறகு 89 வயது வரை இருந்தார். நன்றாகக் கட்டியிருந்தார்கள், அதுதான் விஷயம். செங்குத்தாக வரும் அடி அப்படியல்ல. அதில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகள் சீக்கிரம் நசுங்கிவிடும். எனவே முன்பக்க அடியை பெல்ட் பார்த்துக்கொள்ளட்டும், செங்குத்து அடியை சீட் பார்த்துக்கொள்ளவேண்டும்.

முதலில் மாதிரி சீட்

நல்ல சாமான் எதையும் வெட்டுமுன் மலிவான ப்ளைவுட்டில் ஒரு பொம்மை சீட் செய்யுங்கள். அடிப்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் நடுவே கீல் வைத்து, சாய்வை மாற்றிப் பார்க்க வரிசையாகத் துளை போட்டு போல்ட் மாட்டினால் போதும். பெடலுக்குப் பதில் ஒரு கட்டை, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான ஸ்டிக்குக்குப் பதில் ஒரு குச்சி, தலைக்கு மேலே வரும் கண்ணாடி மூடியான கேனபி எந்த உயரத்தில் வருமோ அங்கே ஒரு கயிறு. பறக்கும்போது போடும் ஷூ, ஜாக்கெட், ஹெட்செட் எல்லாம் போட்டுக்கொண்டு அதில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். ஏதாவது படம் பாருங்கள், யாருக்காவது போன் பேசுங்கள், ஆனால் எழுந்திருக்காதீர்கள். முதலில் எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தை பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கூட உட்காரப்போகும் ஆளையும் உட்காரவையுங்கள், அவர் உங்களைவிட ஒரு சாண் குட்டையாக இருப்பார், அதற்கும் வழி செய்யவேண்டும்.

இந்த மாதிரியில் ஸ்பாஞ்ச் கூடாது, அதிகபட்சம் ஒரு மடித்த போர்வை. வெறும் பலகையிலேயே முக்கால் மணி நேரம் தாங்குகிற வடிவம் கிடைத்துவிட்டால், மீதியை மெல்லிய குஷன் பார்த்துக்கொள்ளும்.

வடிவத்தில் நான் பார்க்கும் முதல் விஷயம் தொடை. அடிப்பலகையின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட உயர்ந்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்ந்து இருக்கவேண்டும். அப்போது எடை பிட்டத்தின் இரண்டு எலும்பு முனையிலும் மட்டும் நிற்காமல் தொடைக்கும் பிரிந்து போகும், பிரேக் பிடிக்கும்போதோ மோதும்போதோ உடம்பு முன்னே வழுக்காது. ஆனால் பலகை முழங்கால் மடிப்பு வரை நீளக்கூடாது, பின்னங்காலுக்கும் விளிம்புக்கும் நடுவே மூன்று நான்கு விரல் இடைவெளி விடுங்கள், விளிம்பை உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கால் மரத்துப்போகும். முதுகு, அடிப்பலகையிலிருந்து 100 முதல் 110 டிகிரி. இடுப்புப் பட்டி வரும் உயரத்துக்குச் சற்று மேலே உள்ளங்கை அளவு ஒரு லேசான புடைப்பு வேண்டும், வால் எலும்பு வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். தோள்பட்டை அளவில் முதுகுப்பலகை உங்களை முன்னே தள்ளக்கூடாது, தள்ளினால் கழுத்து போய்விடும்.

அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி விமானத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1979-ல் முதலில் பறந்த அந்த வடிவத்தில் பைலட் பாதி படுத்த நிலையில் இருக்கிறார், முதுகு முழுக்க எடையை வாங்கிக்கொள்வதால் தடித்த மெத்தைக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் விமானத்தில் அவ்வளவு சாய இடம் இருக்காது, பரவாயில்லை, கொஞ்சம் சாய்ந்தாலும் அந்த அளவுக்கு லாபம்.

எலும்புக்கூடு

உங்கள் விமானம் எதனால் கட்டப்பட்டதோ சீட்டையும் அதிலேயே செய்யுங்கள், ஏனென்றால் அந்த வேலைதான் உங்கள் கைக்குப் பழகியிருக்கும். அலுமினிய விமானம் என்றால் தரையின் விலா எலும்புகள் மேல் ரிவெட் அடித்த மெல்லிய தகடு. இரும்புக் குழாய் விமானம் என்றால் 4130 குரோமோலி என்ற உறுதியான எஃகுக் குழாயில் சட்டம் வெல்ட் செய்து, அதில் பாலியஸ்டர் துணியை முறுக்கிக் கட்டிய ஊஞ்சல் மாதிரி சீட். எடை குறைவு, காற்றும் போகும், நாளானால் துணி தொய்ந்து முதுகு வளையும் என்பதால் பின்னால் கயிறு போட்டு இறுக்க வழி வையுங்கள். ஃபைபர் கிளாஸில் ஓடு செய்கிறீர்கள் என்றால் உள்ளே ஒரு அடுக்காவது கெவ்லார் என்ற கிழியாத நார்த்துணி போடுங்கள். கண்ணாடி நாரும் கார்பனும் உடையும்போது கத்தி மாதிரி முனையோடு உடையும். கெவ்லார் கிழிந்தாலும் துண்டுகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும், கிளைடர் என்ற இன்ஜின் இல்லாத விமானம் செய்கிறவர்கள் பைலட் உட்காரும் பகுதியில் அதைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

எதில் செய்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்: உங்கள் பிட்டத்துக்கு நேர் கீழே கெட்டியான எதுவும் இருக்கக்கூடாது. குறுக்குக் குழாய், பேட்டரி, ஸ்டிக்கின் முறுக்குக் குழாய், டூல்ஸ் பை, எதுவும். அந்த இடம் நசுங்குவதற்கான இடம். கணக்கு எளிது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கீழே விழுகிறீர்கள் என்று வையுங்கள், 5 சென்டிமீட்டரில் நின்றால் சராசரியாக சுமார் 25 ஜி, 15 சென்டிமீட்டரில் நின்றால் எட்டரை ஜி. முதலாவது முதுகெலும்பை உடைக்கக்கூடிய அளவு, இரண்டாவதில் வலியோடு நடந்து வெளியே வரலாம். லேண்டிங் கியரும் விமானத்தின் வயிறும் நசுங்கிக் கொஞ்சம் கொடுக்கும், மீதியை சீட்டின் தகடு வளைந்து கொடுக்கவேண்டும். அதனால் ‘உடையவே கூடாது’ என்று 6 மில்லிமீட்டர் தகட்டில் செய்யாதீர்கள். 570 கிலோவைத் தாங்கவேண்டும், அதைத் தாண்டினால் முறியாமல் மெதுவாக வளையவேண்டும்.

முன்னும் பின்னும் நகரும் சீட் வேண்டுமா? நான் வேண்டாம் என்பேன். சில செஸ்னா விமானங்களில் சீட் நகரும் தண்டவாளத்தின் பூட்டு தேய்ந்து, மேலே எழும்பும் நேரத்தில் சீட் பின்னுக்கு வழுக்கி, பைலட் கையில் பிடித்திருந்த கட்டுப்பாட்டையும் சேர்த்து இழுத்த விபத்துகள் நடந்து, 1987-ல் எஃப்.ஏ.ஏ. தண்டவாளங்களையும் பூட்டுகளையும் சோதிக்கச் சொல்லி உத்தரவே போட்டது. சீட்டை ஓரிடத்தில் ரிவெட் அடித்துவிட்டு பெடலை நகர்த்தும்படி செய்யுங்கள், அல்லது குட்டையானவருக்கு முதுகுக்குத் தனிக் குஷன் கொடுங்கள். எடையும் மிச்சம்.

பெல்ட்

சீட் கழற்றக்கூடியது என்றால் பெல்ட்டை சீட்டில் மாட்டாதீர்கள், விமானத்தின் முக்கியச் சட்டத்தில் மாட்டுங்கள். 100 கிலோ ஆள், 9 ஜி, மொத்தம் 900 கிலோ. இதில் 60 சதவீதம் இடுப்புப் பட்டையும் 40 சதவீதம் தோள் பட்டையும் வாங்கும் என்பது வழக்கமான கணக்கு. மாட்டும் இடங்களுக்கு இன்னொரு 1.33 மடங்கு. அப்படிப் பார்த்தால் இடுப்பில் ஒரு பக்கத்துக்கு 360 கிலோ, பட்டை 45 டிகிரியில் இறங்குவதால் அதன் இழுவை உண்மையில் 510 கிலோ அளவுக்குப் போகும். தோள் பட்டைகள் பின்னால் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே 480. இந்தச் சுமைக்கு ஏ.என்.4 என்ற கால் அங்குல விமான போல்ட் தாராளம், 1600 கிலோவுக்கு மேல் வெட்டுச்சுமை தாங்கும். போல்ட் அறுவது அபூர்வம், அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடோ மரமோதான் கிழியும். எனவே அங்கே இரட்டைத் தகடு, பெரிய வாஷர், மரமாக இருந்தால் பின்பக்கம் ஒரு இரும்புப் பட்டை. கடைத்தெரு போல்ட் வேண்டாம்.

தோள் பட்டை உங்கள் தோள் உயரத்திலிருந்தோ சற்று மேலிருந்தோ வரவேண்டும். சீட்டின் முதுகைத் தாண்டி நேராகத் தரைக்கு இறங்கினால், மோதும் நேரத்தில் அது உங்களை முன்னே போகவிடாமல் பிடிப்பதோடு கீழேயும் அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். பின்னால் பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீட்சி, அதற்கேற்ப தலை டாஷ்போர்டை நோக்கிப் போகும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்காரவேண்டும், வயிற்றின் மேல் அல்ல. கால் நடுவே வரும் ஐந்தாவது பட்டை எதற்கு என்று கேட்பார்கள். தோள் பட்டை இழுக்கும்போது இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடாமல் இருக்கத்தான்.

சரி, இப்போது ஸ்பாஞ்ச்

சாதாரண மெத்தை ஸ்பாஞ்ச் ஏன் கூடாது? விமானம் தரையில் அடித்து நிற்கும்போது நீங்கள் இன்னும் கீழே போய்க்கொண்டே இருப்பீர்கள், ஸ்பாஞ்ச் எதிர்ப்பே இல்லாமல் அமுங்கித் தீர்ந்தபின், ஏற்கெனவே நின்றுவிட்ட கெட்டித் தகட்டில் போய் மோதுவீர்கள். மெத்தை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் விழும் அடியைவிட அது அதிகமாகக்கூட இருக்கும். இதற்கு மாற்று, மெதுவாக அழுத்தினால் இளகியும் வேகமாக அடித்தால் இறுகியும் போகும் வகை. 1966 வாக்கில் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய டெம்பர் ஃபோமின் வம்சம் அது. மெத்தைக் கடையில் மெமரி ஃபோம் என்று விற்பது அதன் சொகுசுத் தம்பி, இந்த வேலைக்கு அதன் அடர்த்தி போதாது. விமானக்காரர்கள் வாங்குவது கான்ஃபோர் என்ற வகை, கெட்டித்தனத்துக்கு ஒரு நிறம்: பச்சை மிகக் கெட்டி, நீலம் அடுத்தது, பிங்க் மெது. அடியில் ஒரு அங்குலம் பச்சை, நடுவில் ஒரு அங்குலம் நீலம், மேலே அரை அங்குலம் பிங்க், போதும். முதுகுக்கு இதில் பாதி. குளிர்காலக் காலையில் இது பலகை மாதிரி இறுகியிருக்கும், உடம்புச் சூட்டில் ஐந்து நிமிடத்தில் இளகிவிடும்.

வெட்ட சமையலறை மின்கத்தி அருமையாக வேலை செய்யும். ஒட்ட கான்டாக்ட் சிமென்ட், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு, குஷனுக்கு அடியில் கையை விட்டுப் பிட்ட எலும்புக்குக் கீழே அழுத்திப் பாருங்கள். எலும்பு தகட்டைத் தொடுகிற மாதிரி இருந்தால் அந்த இடத்தில் கெட்டி அடுக்கைக் கூட்டுங்கள், மெது அடுக்கை அல்ல.

உறைக்குத் துணி வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வெளியே கொண்டுபோய், செங்குத்தாகத் தொங்கவிட்டு 12 விநாடி தீ காட்டுங்கள். தீயை எடுத்ததும் தானாக அணையவேண்டும், எரிந்து சொட்டக்கூடாது. ஸ்பாஞ்சோடு சேர்த்தும் ஒருமுறை காட்டிப் பாருங்கள், தனித்தனியாக அணைபவை சேர்ந்தால் எரிவதுண்டு. கம்பளி கலந்த துணி நல்லது, வியர்வையும் உறிஞ்சும். தையல் பிட்டத்துக்கு அடியில் வராதபடி தைப்பவரிடம் சொல்லிவிடுங்கள், கார் சீட் தைப்பவர்களுக்கு நடுவில் ஒரு கோடு போடாமல் கை நிற்காது. குஷனின் அடியில் அகலமான வெல்க்ரோ அவசியம், வானத்தில் கழன்று வந்த குஷன் ஸ்டிக்கின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டால் அப்புறம் சீட்டைப் பற்றிக் கவலைப்பட நேரமிருக்காது.

கடைசியாக மணல் மூட்டை. விமானத்தின் வயிற்றுக்கு, சீட் சுமை இறங்கும் சட்டங்களின் கீழே முட்டுக்கொடுத்து, உறை போடுமுன் வெறும் சீட்டில் 380 கிலோ (100 கிலோ ஆள், 3.8 ஜி) அடுக்குங்கள். பிட்டம் வரும் இடத்தில் அதிகம், தொடைப் பக்கம் குறைவு. இறக்கியபின் தகடு பழைய வடிவத்துக்குத் திரும்பவேண்டும், ரிவெட் எதுவும் தளர்ந்திருக்கக்கூடாது. ஒன்றரை மடங்கு பாதுகாப்பும் சேர்ந்த 570 கிலோவை, பறக்கப்போகும் சீட்டில் ஏற்றாமல் அதே மாதிரி செய்த இன்னொரு சீட்டில் ஏற்றிப் பாருங்கள், மூன்று விநாடி உடையாமல் நின்றால் போதும், வளைந்தால் தப்பில்லை. பெல்ட் மாட்டும் இடங்களையும் ஒரு கை வின்ச், நடுவில் ஒரு தொங்கு தராசு வைத்து இழுத்துப் பார்க்கலாம். இழுக்கும்போது யாரும் கயிற்றின் நேர்கோட்டில் நிற்கவேண்டாம்.