கப்பலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் 'டெட்' என்ற வார்த்தையைப் புரிந்துகொள்வது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கும் கப்பலுக்குப் போகிற பையன்களுக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். 'டெட்' என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும் எங்கள் வகுப்பில் தனி நாள் உண்டு. 'செத்த' என்று ஒரே அர்த்தத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனால் வேலையிடத்தில் தடுமாற வேண்டியிருக்கும்.

முதலில், டெட்டுக்கு அடுத்து நிற்கும் வார்த்தையைப் பாருங்கள். அது ஒரு பொருளோ இடமோ என்றால், "இதில் எது நின்றுபோனது?" என்று கேளுங்கள். டெட் பேட்டரியில் சார்ஜ் நின்றது. டெட் எண்டில் வழி நின்றது. டெட் ஸ்டாக்கில் விற்பனை. ஓடாத மோட்டாரை நாமும் "சவம், அனங்க மாட்டேங்குது" என்றுதானே திட்டுகிறோம்? அதே புத்திதான் இதற்குள்ளும் இருக்கிறது. நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் தருகிற முக்கடல் அணை மைனஸுக்குப் போய்விட்டது என்று கோடையில் செய்தி வரும்போது 'டெட் ஸ்டோரேஜ்' என்று ஒரு பேச்சு வரும். மதகுக்குக் கீழே கிடக்கிற, தானாக வெளியே ஓடிவர முடியாத தண்ணீர் அது. தண்ணீர் கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை.

அடுத்து வருவது ஒரு தன்மையோ திசையோ என்றால் இந்தக் கேள்வி உதவாது. அங்கே டெட் என்பது 'முழுக்க', 'அச்சு அசலாக' என்று அழுத்தம் கொடுக்கிறது. டெட் டயர்ட் என்றால் அடியோடு களைத்துப்போனது. டெட் ரைட், நூற்றுக்கு நூறு சரி. டெட் சென்டர், நட்டநடு. டெட் அஹெட் என்றால் நேர் எதிரே. கப்பலில் இதைக் கேட்டால் உடனே எதிரே பார்க்க வேண்டும்.

கப்பல் பையன்கள் கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. 'டெட் ஸ்லோ அஹெட்' என்று கட்டளை வந்தால் இன்ஜினை நிறுத்தச் சொல்லவில்லை. முன்னோக்கி ஆகக் குறைந்த வேகத்தில் ஓட்டு என்கிறார்கள், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 'டெட் ஷிப்' நேர் மாறு: மின்சாரம் போய் மெயின் இன்ஜினும் துணை இயந்திரங்களும் எல்லாம் நின்றுவிட்ட நிலை. 'டெட்வெயிட்' கப்பலின் சொந்த எடை இல்லை. சரக்கு, எரிபொருள், குடிதண்ணீர், ஆட்கள் என்று கப்பல் தாங்கக்கூடிய மொத்த பாரம் அது. 'டெட் ரெக்கனிங்' நம் கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். கரையில் தெரிகிற மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்து இடம் பிடிப்பது வேறு. கரை மறைந்த பிறகு, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை மணி நேரம் ஓடினோம் என்று கணக்குப் போட்டு இப்போதைய இடத்தைச் சொல்வதுதான் டெட் ரெக்கனிங்.

நர்ஸ் பிள்ளைகளுக்கு வருவோம். நோயாளி "மை லெக் ஹேஸ் கான் டெட்" என்றால் கால் மரத்துப்போச்சு என்கிறார். எப்போதிலிருந்து, ஒரு பக்கம் மட்டுமா, கை வலுக்குறைகிறதா, பேச்சு குழறுகிறதா என்று உடனே கேளுங்கள். திடீரென்று வந்திருந்தால் டாக்டரைக் கூப்பிடத் தாமதிக்கக் கூடாது. 'டெட் ஸ்பேஸ்' என்பது மூச்சுக்குழாயில் தங்கிவிடுகிற, ஆக்சிஜன் பரிமாற்றத்துக்குப் பயன்படாத காற்றின் அளவு. பெரியவர்களுக்கு ஒரு மூச்சில் சுமார் 500 மில்லி உள்ளே போனால் அதில் 150 மில்லி இப்படித்தான். 'ப்ரெய்ன் டெட்'டும் கோமாவும் ஒன்றல்ல. ப்ரெய்ன் டெட் என்றால், வென்டிலேட்டரில் இதயம் துடித்தாலும் அது மரணம்தான். நம் நாட்டில் 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் அதை ஏற்றிருக்கிறது.

சாவைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'எக்ஸ்பயர்ட்' வேண்டாம். இங்கே அது ஆஸ்பத்திரிப் பேச்சு. இங்கிலாந்தில் பால் பாக்கெட்டின் தேதிக்குச் சொல்கிற வார்த்தை. குடும்பத்தாரிடம் உட்கார்ந்து, மெதுவாக, "ஹி டைட்" (He died) அல்லது "ஹி ஹேஸ் டைட்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'டைட்' நடந்த சம்பவம், 'டெட்' அதற்குப் பிறகான நிலை. "ஹி வாஸ் டைட்" தப்பு. ஐந்து வருஷம் ஆகிவிட்டது என்று சொல்ல "ஹி ஹேஸ் பீன் டெட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்".

கடைசியாக ஒன்று, இதை நான் எந்த பேட்ச்சுக்கும் சொல்லாமல் விடுவதில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்களின் வீடுகளில் 'மிஸ்ஸிங்' என்ற வார்த்தை வந்து உட்கார்ந்தது. 'மிஸ்ஸிங்' என்றால் காணாமல் போனவர். 'ப்ரிஸ்யூம்ட் டெட்' என்றால் இறந்ததாகச் சட்டம் கருதுகிறவர். சாதாரணமாக, ஒருவரைப் பற்றி 7 வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 'டெட்' இந்த இரண்டிலும் சேராது. அந்த வீட்டுப் பிள்ளை யாராவது விண்ணப்பம் எழுத உதவி கேட்டால், கையிலுள்ள சான்றிதழில் எந்த வார்த்தை இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் எழுதுங்கள். இடம் போதவில்லை என்று 'டெட்' என்று சுருக்காதீர்கள். எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.