டாட்டல் தொகுப்பைப் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

1557 ஜூனில் லண்டனில் ரிச்சர்ட் டாட்டல் அச்சிட்ட ‘சாங்ஸ் அண்ட் சானட்ஸ்’தான், பல கவிஞர்களின் ஆங்கிலக் கவிதைகளைச் சேர்த்து அச்சேறிய முதல் பெரிய தொகுப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் பதிப்பிலேயே 271 கவிதைகள், அதில் பெரும்பகுதி காதல் புலம்பல்தான். இதைப் படிக்கிறவர்கள் வழுக்கி விழுகிற முதல் இடம், கவிஞன் எழுதியதுதான் அப்படியே அச்சில் இருக்கிறது என்று நம்பிவிடுவது. டாட்டலின் பிழைப்பே சட்டப் புத்தகம் அச்சடிப்பது. முக்கியக் கவிஞரான தாமஸ் வயட் 1542இலேயே இறந்துவிட்டார், அட்டைப் பக்கத்தில் பெயர் போட்டிருக்கிற சர்ரே பிரபுவுக்கு 1547இல் மன்னர் எட்டாம் ஹென்றி தலையை வாங்கியாயிற்று. அப்புறம் திருத்தினால் கேட்க யார் இருக்கிறார்கள்?

நன்றாகவே திருத்தினார்கள். தன்னை விட்டு விலகிப்போன பெண்ணைப் பற்றி வயட் எழுதிய புகழ்பெற்ற கவிதையின் கடைசியில், கையெழுத்துப் பிரதியில், ‘இவ்வளவு அன்பாக என்னை நடத்தியிருக்கிறாளே, அவளுக்கு என்ன தகும் என்று தெரிந்தால் தேவலை’ என்கிற தொனியில் ஒரு குத்தல் இருக்கும். அச்சில் அந்த ‘அன்பாக’ என்பதை ‘அன்பில்லாமல்’ என்று மாற்றிவிட்டார்கள். குத்தல் போய் வெறும் புகார்தான் மிச்சம். முரட்டு ஓசையுள்ள வரிகளுக்கு அசை கூட்டிக் குறைத்து இழைத்தும் விட்டார்கள். எனக்கு இது பெரிய நஷ்டமாகத்தான் படுகிறது. ஆகவே வயட்டைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் வயட்டே கைப்படத் திருத்தி வைத்திருந்த எகர்டன் கையெழுத்துப் பிரதியை ஒட்டிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்புகளும் அப்படித்தான். ‘காதலன் தன் நிலையைப் புயலில் அலைக்கழியும் கப்பலுக்கு ஒப்பிடுகிறான்’ என்பது போன்ற நீளத் தலைப்புகளைப் போட்டது தொகுத்தவர், கவிஞர் அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு ‘பாவம் வயட், காதலில் நொந்துபோயிருக்கிறார்’ என்று கிளம்பிவிடாதீர்கள், அந்தக் கப்பல் கவிதையே இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் சானட் (பதினான்கு வரிக் கவிதை) ஒன்றின் மொழிபெயர்ப்பு. எட்டாம் ஹென்றியின் ராணி ஆன் பொலினோடு எல்லோரும் முடிச்சுப் போடும் வயட்டின் மான்வேட்டைக் கவிதையை இதில் தேடியும் பயனில்லை, அது இந்தத் தொகுப்பில் கிடையாது.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் மேற்கோள் காட்டுவது இன்னொன்று. ஜூலை 31ஆம் தேதியே இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதில் தொகுப்பின் இன்னொரு கவிஞரான நிக்கலஸ் கிரிமால்டின் 40 கவிதைகள் 10 ஆகிவிட்டன, பெயரும் வெறும் முதலெழுத்துகளாகிவிட்டது.

அட்டையில் இருக்கும் பெயரை நம்புவதில் இன்னும் கூடுதல் ஆபத்து உண்டு. 1599இல் வில்லியம் ஜாகர்ட் வெளியிட்ட ‘தி பேஷனேட் பில்கிரிம்’ என்ற கவிதைத் தொகுப்பின் அட்டையில் ஷேக்ஸ்பியர் பெயர் இருக்கும், உள்ளே உறுதியாக அவருடையவை என்று சொல்லக்கூடியவை ஐந்தே ஐந்து. பிறகு 1612இல் நாடக ஆசிரியர் தாமஸ் ஹேவுட்டின் பாடல்களையும் ஷேக்ஸ்பியர் பெயரிலேயே சேர்த்து மறுபதிப்பு வந்தது. ஹேவுட் அதே ஆண்டில் அச்சிலேயே குறைப்பட்டுக்கொண்டார், ஷேக்ஸ்பியருக்கும் இதில் கோபம்தான் என்று சேர்த்துச் சொல்லி.